தகட்டில் அடித்த எண்

யார் வீட்டுக்குப் போனாலும் இன்னாசிமுத்து முதலில் எல்லோரையும் நலம் விசாரித்துவிடுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காபி வந்து சேருவதற்குள் அவர் கை அந்த வீட்டு மிக்ஸியைக் கவிழ்த்திருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதைப் படிக்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. கிரைண்டர், டேபிள் ஃபேன், தண்ணீர் இறைக்கும் அரை எச்.பி. மோட்டார் எதையும் விட மாட்டார். கல்யாண மண்டபம் என்றால் மேடைப் பக்கம் போவதற்கு முன்னால் கொல்லைப்புறம் போய் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருவார்.

"பொண்ணு பேரு என்னன்னு இவர்கிட்டக் கேட்டுப் பாருங்க, தெரியாதும்பாரு. ஜெனரேட்டரு எத்தனை கே.வி.ஏ.ன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு" என்று அவர் மனைவி அற்புதம் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களிடம் சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் நிதானமாக ரசம் சாப்பிடுவார்.

இந்த வியாதிக்குக் காரணம் உண்டு. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். காலையில் புது மோட்டார்களைச் சோதனை மேடையில் ஏற்றி, முழுப் பாரம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார். மாலையில் அந்த மோட்டார்களுக்கு அலுமினியத் தகடு அடிப்பார். இரும்பு எண் அச்சுகளை ஒவ்வொன்றாகத் தகட்டின்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இரண்டாம் தட்டு விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும் என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் கை அவருக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

ஐந்து எச்.பி. என்று அவர் அடித்த தகடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதே மோட்டார் சோதனை மேடையில் ஏழரைக்கு ஓடியதை அன்று காலையில் அவரே கண்ணால் பார்த்திருப்பார். விவசாயிக்கு மின்வாரியம் அனுமதித்திருப்பது ஐந்து. கிணற்றுத் தண்ணீரோ பாதாளத்துக்குப் போய்விட்டது. என்ன செய்வது? கிணத்துக்கடவிலிருந்து வரும் தோப்புக்காரர் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க, அஞ்சுன்னு போட்டு ஏழரைக்குக் கொறையாத மாதிரி ஒன்னு பாத்துக் குடுங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பார். கேட்டவருக்கும் கூச்சம் கிடையாது, கொடுத்தவருக்கும் கூச்சம் கிடையாது. தகடு எப்போதும் குறைத்துத்தான் சொல்லும், உள்ளே கூடுதல் பலம் இருக்கும் என்பது இன்னாசிமுத்துவுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

1991-இல் கம்பெனியை மூடினார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்த வயதில் காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவரும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வருஷத்தில் தொழில் கைக்கு வந்துவிட்டது. புலியகுளத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே உதிரிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் தொடங்கினார்.

காந்திபுரத்துக் கடைகளில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அவரிடம் இருந்த ஒரு பழக்கம் அவர்களிடம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் புதிதாக ஒரு கார்டு சொருக வேண்டும் என்று யாராவது வந்தால், மற்றவர்கள் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொருகிவிடுவார்கள். இவர் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார். மதர்போர்டு எத்தனை இழுக்கும், டிஸ்க் எத்தனை, ஃபிளாப்பி எத்தனை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். டிஸ்க் கிளம்பும்போது கூடுதலாக இழுப்பதையும் மறக்காமல் சேர்ப்பார். அது பம்புக்காரர் புத்தி. கூட்டுத்தொகையை, மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொடுவார். "நாலு பேருக்குப் பொங்குன சோத்துக்குப் பத்துப் பேரை உக்கார வெச்சா நடக்குமுங்களா?" என்பார்.

அவர் பூட்டிக் கொடுத்த மெஷின்களில் ஒன்று கோட்டைமேட்டில் ஜன்னத்திடம் இருந்தது. ஜன்னத் பன்னிரண்டு வருஷம் வக்கீல்களுக்குத் தட்டச்சு அடித்துக் கொடுத்தவள். தொண்ணூற்று நான்கில் தன் வீட்டு மாடியிலேயே டி.டி.பி. சென்டர் போட்டாள். தமிழில் அவள் வேகத்துக்கு அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவளுக்குத்தான் முகம் வாடும்.

அடுத்த வருஷம் இன்னாசிமுத்துவின் பங்குக் கோயிலுக்குப் பவள விழா வந்தது. எழுபத்தைந்து வருஷக் கதையை விழா மலராக அச்சுப் போட வேண்டும் என்று பங்குக் குரு சொன்னதும், "நம்ம ஜன்னத்துகிட்டக் குடுங்க ஃபாதர், அச்சுப் பிசகாது. மெஷினுக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னவர் இன்னாசிமுத்துதான். பழைய போட்டோக்களைச் சேகரிக்கும் வேலையை அற்புதம் எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், சுவரில் தொங்கிய படத்தையெல்லாம் பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து கழற்றிக்கொண்டு வந்தாள்.

போட்டோ என்றால் ஸ்கேனர் வேண்டும். கையால் படத்தின்மேல் உருட்டுகிற ஸ்கேனர் அப்போது வந்திருந்தது. அதற்குத் தனிக் கார்டு. அதன் பச்சை விளக்கு எரிவதற்கும் மெஷினிலிருந்துதான் கரண்ட். படங்கள் இடத்தை அடைக்கும், ஆகவே இரண்டாவதாக ஒரு டிஸ்க். சிலுவையும் லில்லிப் பூவும் பார்டரும் சி.டி.யில் வந்திருந்ததால் சி.டி. டிரைவ், அதோடு சேர்த்தே விற்ற சவுண்ட் கார்டு. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இன்னாசிமுத்து வழக்கம்போலக் காலண்டர் தாளில் கூட்டினார். இருநூற்றுப் பதினைந்து வாட் வந்தது. டப்பாவில் இருநூறு என்று ஒட்டியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். இன்னாசிமுத்து சிரித்தார்.

"தாங்குமாண்ணா?" என்று ஜன்னத் கேட்டாள்.

"தாராளமாத் தாங்குமுங்க அம்மணி. இருநூறுன்னு ஒட்டியிருந்தா உள்ள இருநூத்தி அம்பதாவது இருக்கும். ஆயிரக்கணக்குல தகடு அடிச்சவன் சொல்றேன், எனக்குத் தெரியாதுங்களா?"

ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். டிஸ்க் ஓடியது. சி.டி. ஓடியது. ஸ்கேனரின் பச்சை விளக்கு எரிந்தது. சவுண்ட் கார்டிலிருந்து டிங் என்று சத்தம் வந்ததும் ஜன்னத் கைகொட்டிச் சிரித்தாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டி முழுப் பாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சோதனை மேடையில் நின்ற மனுஷன், அதைச் செய்யாமல் காபி குடித்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்மேல் எனக்கு எத்தனை பிரியம் இருந்தாலும் இந்த இடத்தில் கோபம் வராமல் இல்லை.

ஆறு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு, சி.டி.யிலிருந்து பூவும் பார்டரும் இறங்கிக்கொண்டிருந்தபோதே ஜன்னத் ஒரு படத்தின்மேல் ஸ்கேனரை உருட்டினாள். பச்சை வெளிச்சம் மங்கியது. திரை இருண்டு, மெஷின் தானாக மறுபடி கிளம்பியது. கிளம்பிய பிறகு பார்த்தால் டிஸ்கில் மலரே இல்லை. எழுபது பக்கம் முடிந்திருந்தது. ஃபிளாப்பியில் நகல் எடுத்து வைத்திருந்தது முதல் இருபத்திரண்டு பக்கம். நாற்பத்தெட்டுப் பக்கம் போய்விட்டது. பவள விழா கொண்டாடும் திருவிழாவுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

ஜன்னத் வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையிலிருந்து போன் வந்ததும் இன்னாசிமுத்து ஓடினார். ஜன்னத் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவரைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

"கரண்டுதானுங்கண்ணா. காலைல இருந்தே ஏறி ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. ஃபாதருக்கும் போன் பண்ணி அப்படித்தான் சொன்னேன். அவரும் மின்வாரியத்தைத்தான் திட்டுனாரு."

இன்னாசிமுத்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே அவரே வாங்கி வைத்த ஸ்டெபிலைசர் இருந்தது. அதன் ஊசி இருநூற்று முப்பது வோல்ட்டில் ஆணி அடித்தாற்போல் நின்றது. கரண்ட் எப்படி ஆடினாலும் மெஷினுக்குப் போவது ஆடாது. பின்னால் கைவிட்டுப் பவர் சப்ளை டப்பாவைத் தொட்டார். மெஷினை அணைத்து அரை மணி நேரம் ஆகியும் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"இதைக் கழட்டிட்டுப் போயிப் பாத்துப்போட்டு வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டு முன்னறையில் சோதனை மேடை மாதிரி ஒன்றை அவசரமாகக் கட்டினார். பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கார் ஹெட்லைட் பல்புகள், ஐந்து வோல்ட்டுக்கு ஹீட்டர் கம்பிச் சுருள். பல்பு பல்பாகப் பாரத்தை ஏற்றி மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனார். நூறு வாட்டில் நன்றாக இருந்தது. நூற்றிருபதில் விசிறி முனகத் தொடங்கியது. நூற்று முப்பதைத் தாண்டியதும் பல்புகள் எல்லாம் மஞ்சளாகி, டப்பா டக்கென்று நின்றுவிட்டது. அவர் நம்பவில்லை. ஆறவைத்து மறுபடி பார்த்தார். மறுபடியும் நூற்று முப்பது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அற்புதம், கணவர் தரையில் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நூத்தி முப்பதுதான் இருக்குது. இருநூறுன்னு ஒட்டியிருக்கானே. கொறைச்சுப் போட்டா வாங்கறவனுக்கு உபயோகம். கூட்டிப் போட்டு யாருக்கு என்ன லாபம்?"

"விக்கறவனுக்குங்க" என்றாள் அற்புதம். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த எண்ணம் அவர் தலைக்குள் ஒரு தரமும் வந்ததில்லை. பொய்த் தகடு என்றாலே அது எளியவனுக்கு உதவி செய்யும் தகடு என்று இருந்துவிட்டார். கணக்குப் போடாமல் சொருகியவன் மெஷினும் கெட்டிருக்கும். கணக்குப் போட்டும், கண்முன்னால் கூடுதலாக வந்த தொகையைத் தள்ளிவிட்டுத் தாங்கும் என்று வாக்குக் கொடுத்தது அவர் ஒருவர்தான். அந்த வாக்கை நம்பியவளின் ஆறு நாள் உழைப்பும், அதற்கு முந்தைய மூன்று வார உழைப்பில் பெரும்பகுதியும் போய்விட்டன.

அற்புதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் முழுக்கக் கணவரைக் கிண்டல் பண்ணுகிற வாய் அன்று வேறு மாதிரிப் பேசியது.

"ஏனுங்க, கரண்டுன்னு அந்தப் புள்ளையே சொல்லிப்போட்டா. ஃபாதரும் நம்பிட்டாரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இப்பத்தான் நாலு பேரு உங்களை நம்பி மெஷினைக் கொண்டாந்து குடுக்கறாங்க. நீங்களா போயி எதுக்குங்க கெடுத்துக்கோணும்?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாரே தவிர வாய்க்குப் போகவில்லை. கடைசியில் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். அற்புதத்துக்குப் புரிந்துவிட்டது. "இருங்க, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஜன்னத், பிழை திருத்திய பழைய தாள்களைத் தேடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னாசிமுத்து உட்காரவில்லை.

"அம்மணி, கரண்டு இல்லீங்க. நான் பண்ணுன தப்பு. கணக்குல இருநூத்திப் பதினஞ்சு வந்துச்சு. டப்பாவுல இருநூறுதான் போட்டிருந்துச்சு. தெரிஞ்சே சொருகிப்போட்டேன். அந்த டப்பா நூத்தி முப்பதுக்கு மேல தாங்காதுன்னு இப்பத்தான் பாத்தேன்."

ஜன்னத் தாள்களை நேராக்கி மேசையில் தட்டினாள்.

"தெரியுமுங்கண்ணா" என்றாள். "ஸ்டெபிலைசர் ஊசி அசையவே இல்லையே. ஸ்கேனர் வெளிச்சம் மங்குனதையும் பாத்தேன்."

"அப்புறம் எதுக்குங்க ஃபாதர்கிட்டக் கரண்டுன்னு...?"

"மெஷினுக்கு நான் பொறுப்புன்னு சபையில எந்திருச்சுச் சொன்னவரு நீங்க. உங்க பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு நாந்தான் அப்படிச் சொல்லிப்போட்டேன்."

இன்னாசிமுத்து அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னத் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கண் கலங்கியதை மறைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அற்புதம் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கோணும், சொல்லு கண்ணு. நான் வாசிக்கறேன்" என்றாள்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஃபாதரிடம் உண்மையைச் சொல்லப் போனால் ஜன்னத் பொய் சொன்னாள் என்று ஆகிவிடும். இன்னாசிமுத்து அன்று மாலையே போய், தப்பு முழுவதும் தன்னுடையது என்று சொன்னார். கரண்ட் என்று ஜன்னத் சொன்னதுகூடத் தான் சொல்லிக்கொடுத்துத்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரிப் பொய்க்காக வந்த சனிக்கிழமை அதே ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டார். மறைப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை என்று அற்புதத்திடம் சொன்னார். பரிகாரமாக மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னாராம்.

புதிதாக ஒரு பவர் சப்ளை வாங்கினார். அதில் இருநூற்றைம்பது என்று ஒட்டியிருந்தது. இந்த முறை அவர் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பல்புகளை எரியவிட்டு, ஒரு பகல் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். இருநூற்று முப்பதுவரை அசையாமல் கொடுத்தது. ஜன்னத் வீட்டில் அதைப் பூட்டி, இரண்டு டிஸ்கும் சி.டி.யும் ஓட, சவுண்ட் கார்டு பாட, ஸ்கேனர் எரிய, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். அதற்குப் பிறகுதான் அற்புதம் வாசிக்க உட்கார்ந்தாள்.

எட்டுப் பகல் அந்த மாடியில் அற்புதத்தின் குரலும் ஜன்னத்தின் விசைச் சத்தமும்தான். இரண்டாம் நாளே அற்புதம், எழுதியிருக்கிற வாக்கியங்களை நீளம் போதாதென்று தானாகத் திருத்தி வாசிக்கத் தொடங்க, ஜன்னத், "அக்கா, ஃபாதர் எழுதுனதை மட்டும் வாசிங்க" என்று கும்பிட்டாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஃபிளாப்பியில் நகல் எடுப்பது இன்னாசிமுத்துவின் வேலை. வேறு எதையும் தொடக் கூடாது என்று இரண்டு பெண்களும் சேர்ந்து உத்தரவு போட்டிருந்தார்கள். மலர் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அச்சகத்திலிருந்து மை வாசனையோடு வந்து சேர்ந்தது. சுவரிலிருந்து கழற்றிய படங்கள் எல்லாம் அதே ஆணிக்குத் திரும்பிப் போயின.

திருவிழா முடிந்த திங்கட்கிழமை இன்னாசிமுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, கம்பெனி மூடிய நாளில் கையோடு கொண்டுவந்த எண் அச்சுகளை எடுத்தார். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு வெட்டினார். ஒன்றுக்கு ஒரு தட்டு வீதம் மூன்று எண் அடித்தார். நான்கு வருஷம் கழித்தும் கை தப்பவில்லை. இத்தனை வருஷமாக அவர் அடித்ததில், சோதனையில் பார்த்த எண்ணும் தகட்டில் அடித்த எண்ணும் ஒன்றாக இருந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டுபோய் ஜன்னத்தின் மெஷின் முதுகில், இருநூற்றைம்பது ஸ்டிக்கரை உரித்த இடத்தில், இரண்டு திருகாணி போட்டு முடுக்கினார்.

ஜன்னத் குனிந்து அந்த எண்ணைப் படித்தாள். 230. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"இருநூத்தி முப்பதுன்னு போட்டிருக்கீங்க. உள்ள இருநூத்தி எம்பதாவது தாங்குமாண்ணா?"

இன்னாசிமுத்து திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"தாங்காதுங்க அம்மணி" என்றார். "இருநூத்தி முப்பதுன்னா இருநூத்தி முப்பதுதான்."